இலேசான கல்

முரசு இல்லாமல் வா, இருபது பேருக்கு மேல் அழைத்து வராதே என்று அரசரின் கடிதம் சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மாகாணத்தில் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆளுநர் போகும் இடமெல்லாம் அவருக்கு முன்னால் முரசு போகும். முரசு இல்லாத ஆளுநர் பாதி கைதி.

என் கணவர் மெர்ஷா, தெஜாஸ்மாச் என்ற படைத்தலைவர் பட்டத்தோடு பதினோரு வருடம் அந்த மலைநாட்டை ஆண்டவர். எல்லைப் போரில் அரசருக்காக வலது தோளில் ஈட்டி வாங்கியவர். அவருடைய அக்காள் மகன் தெரெஸ்ஸே கலகம் செய்து ஓடியபோது, அவன் குதிரைகளுக்கு எங்கள் களஞ்சியத்திலிருந்து வாற்கோதுமை போயிருந்தது. கணவருக்குத் தெரியாமல் போனது அது. ஆனால் தெரியாது என்று சொல்லும் ஆளுநரை யார் நம்புவார்கள்?

அரசரின் முகாம் தெரிகிற ஓடைக்கரையில் காலையில் கூடாரம் அடித்தோம். நான்தான் அந்தப் பேச்சை எடுத்தேன்.

"கல்லு தூக்கிட்டுப் போங்க."

"கல்லா? நான் என்ன கலகக்காரனா?"

"மன்னிப்புக் கேக்கிறவங்க பிடரியில கல்லு வெச்சுக்கிட்டுத்தான் போறாங்க. அரசர் 'இறக்கு'ன்னு சொன்னா எல்லாம் முடிஞ்சுது. சங்கிலி கிடையாது, மலைச்சிறை கிடையாது."

"செய்யாத தப்புக்கா?"

"உயிரோட இருந்தா அதை அப்புறம் சொல்லிக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் இஞ்சேரா அப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"ராஸ் மகளே," என்றார். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "உங்க அப்பா தூக்கியிருப்பாரா?"

என் அப்பா ராஸ், அரசருக்கு அடுத்த பட்டம் அது. தெஜாஸ்மாச்சுகளெல்லாம் அவர் முன்னால் மரியாதைக்கு அங்கியை இறக்கி, தோளைத் திறந்துகொண்டு நிற்பார்கள். கடைசியில் அவர், "சரி, நீயே பாத்து எடு" என்று திரும்பிக்கொண்டார்.

ஓடையில் கற்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டு மேற்பார்வையாளர் வோல்தே ஒரு பாறைத்துண்டைக் காலால் தட்டிக் காட்டினார். நான் அதைத் தாண்டிப் போய் வழவழப்பாக ஒன்றை எடுத்தேன். இரண்டு கைக்குள் அடங்கியது.

வோல்தே சிரித்தே விட்டார். "அம்மா, இது மிளகா நசுக்கற கல்லு."

"அவர் தோள நீ பாத்ததில்லையா?" என்றேன்.

"நான் பாத்திருக்கேன். அரசர் பாத்ததில்லையே."

"அதிகமாப் பேசாத."

கூடாரம் வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று அரசரின் முகாமில் எங்களுக்கு முன்னால் இன்னொருவன் கல்லோடு நின்றான். மூன்று வருடம் ஊர்களை எரித்தவன். அவன் கல்லைப் பிடரியில் ஏற்ற இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. இரண்டு தடவை விழுந்தான், முழங்கால் கிழிந்தது.

"டேய், மலையவே பேத்துட்டு வந்துட்டான்டா!" என்று வீரர்கள் கூவினார்கள். அரசரும் சிரித்தார். "போதும், இறக்கு" என்றார். அவனுக்குப் புது அங்கி போர்த்தினார்கள்.

அடுத்து மெர்ஷா. வெறுங்காலோடு, இடுப்பில் துணியை வரிந்துகொண்டு போனார். நிமிர்ந்து நடந்தார். அந்தக் கல் அவரை நிமிர்ந்து நடக்க விட்டது. அதைப் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்தபோது முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என்னடா இது, கோழிமுட்டை கொண்டு வர்றாரா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சிரிப்பு எழுந்தது. அரசர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நின்றது.

"மெர்ஷா," என்றார் அரசர், மிக மெதுவாக. "கனக்குதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கணவருக்குப் பொய் வராது.

"இல்ல, ஜான்ஹோய்."

"உன் குத்தம் எவ்வளவுன்னு நீயே எடை போட்டுக் கொண்டு வந்துட்ட. அப்புறம் இங்க எனக்கென்ன வேலை?"

'இறக்கு' என்று அவர் சொல்லவில்லை. எழுந்து கூடாரத்துக்குள் போய்விட்டார். சொல்லாமல் இறக்கக்கூடாது. என் கணவர் அங்கேயே நின்றார். வெயில் ஏறியது. ஆட்கள் அவரை விலகிச் சுற்றிக்கொண்டு தங்கள் வேலைக்குப் போனார்கள். நேற்றுவரை அவருக்கு வணக்கம் வைத்தவர்களும் போனார்கள். உச்சிப்பொழுதில்தான் இரண்டு காவலர்கள் வந்தார்கள், கையில் சங்கிலியோடு.

சற்று நேரத்தில் முகாமின் மறுகோடியில் முரசு அதிர்ந்தது. எங்கள் மாகாணத்துக்கு வேறொருவர் பெயரை அறிவித்தார்கள்.

அவரைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. வலது மணிக்கட்டில் சங்கிலியை அறைந்து பூட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகம் இளகியது.

"வோல்தே உன்னத் திட்டிக்கிட்டு இருக்கான். எனக்கு ஒண்ணும் கோவமில்ல," என்றார். "என் தோள நெனச்சுத்தானே சின்னதா எடுத்த?"

ஓடையில் குனிந்தபோது அவருடைய தோள் என் நினைவில் இல்லை. வோல்தே கேலி செய்த பிறகுதான் அந்தக் காயம் என் வாயில் வந்தது. அதற்கு முன் என் கண்ணில் இருந்தது வேறு. அரசியின் தோழிப்பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ராஸ் மகளின் கணவன் கழுத்து மடங்கித் தவழ்ந்து போவது. அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். அவரைக் கல் தூக்கச் சொன்னதும் நான்தான். அது யார் கண்ணுக்கும் கல்லாகத் தெரியக்கூடாது என்று விரும்பியதும் நான்தான்.

"ஆமா," என்றேன்.

அவர் தலையசைத்தார். கட்டில்லாத கையால் என் கன்னத்தைத் தொட்டார். நான் அதைத் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"நீங்களும் வர்றீங்களா அம்மா?" என்றான் காவலன். "வரலாம், தடையில்ல. ஆனா மலைச்சிறைக்குக் கயித்துல மேல ஏத்துனவங்களை யாரையும் இதுவரைக்கும் கீழ இறக்குனதில்ல."

"அவ எதுக்கு?" என்றார் என் கணவர் உடனே. "அவ என்ன தப்பு செஞ்சா? வேணாம்."

எனக்காக அவர் சொன்ன அந்த 'வேணாம்' முடியும்வரை காத்திருந்தேன். பிறகு அவர்கள் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.