உருளைக்கிழங்கு வயலுக்குமேல் நின்றவன்

1943 கோடையில், ஜெர்மானியர் பிடித்திருந்த நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஆங்கிலேய விமானி ஒருவன், வைட்ஸ்கே என்ற விவசாயப் பெண்ணின் உருளைக்கிழங்கு வயலுக்குமேல் தேவாலயக் கோபுர உயரத்தில் நின்றுவிட்டான். விமானம் மட்டும் வாய்க்காலில் விழுந்து எரிந்தது. பக்கத்து மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கி ஜெர்மானியர் நிறுத்தியிருந்த ரேடார்தான் அவனைப் பிடித்துவைத்திருக்கிறது என்றார்கள் ஊரார். வைட்ஸ்கேயின் கணவன் டவுவே ஏணி கொண்டுவந்தான். ஒரு முழம் எட்டவில்லை. ஏணியோடு ஏணி கட்டினாலும் அதே ஒரு முழம் எட்டவில்லை. ஜெர்மானியர் சுட்டுப் பார்த்தார்கள். குண்டுகள் அவனைத் தொடாமல் செடிகளுக்குள் உதிர்ந்தன. பிறகு அவர்களும் சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

லெனார்ட் என்ற அந்தப் பையனுக்குப் பசிக்கவில்லை, வயதும் ஏறவில்லை. குளிர் மட்டும் இருந்தது. வைட்ஸ்கே கம்பளிச் சட்டை பின்னி மேலே வீசினாள். ஒவ்வொரு முறையும் அது அவள் காலடியிலேயே விழுந்தது. போர் முடிந்து ரேடாரைப் பழைய இரும்புக்குப் பெயர்த்த அன்று, அவன் விழுவான் என்று ஊரே வைக்கோல் பரப்பிக் காத்திருந்தது. விழவில்லை. வைக்கோலை மாடுகளுக்குப் போட்டார்கள்.

மறு வருடம் அவனுடைய அம்மா கப்பலேறி வந்து சேற்றில் நின்றாள்.

"எறங்கி வாடா, போதும்."

"முடியலம்மா. முடிஞ்சா வரமாட்டேனா?"

ஒரு வாரம் அண்ணாந்தே இருந்துவிட்டு, கழுத்து வலியோடு திரும்பிப் போனாள். சில வருடங்கள் கழித்து, ஒரு வசந்தத்தில், அவள் இறந்த செய்தி பாதிரியார் மூலம் வந்தது. கிழங்கு அறுவடை முடியும்வரை வைட்ஸ்கேயால் அதைச் சொல்ல முடியவில்லை. அதற்குள் அவன் அந்த ஊர் பேசும் ஃப்ரீசிய மொழியை மேலிருந்தே கற்றிருந்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லி, நீ அழுதா? உன் கண்ணத் தொடைக்க எனக்குக் கை எட்டுமா?"

வானத்தில் மேகமே இல்லை. அவள் தலைத்துணி நனைந்தது.

டவுவே இறந்துபோனான். வைட்ஸ்கேக்கு முதுகு வளைந்தது; அண்ணாந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே பேசினாள். நகராட்சி நினைவுப் பாதை அமைத்தது. ரேடார் நின்ற இடங்களையும் விமானங்கள் விழுந்த இடங்களையும் தொட்டுச் செல்லும் அது, அவள் வயலோரமும் வந்தது. பலகை நட்டார்கள். போரில் இறந்தவர்களை நாடே நினைவுகூரும் மே நான்காம் தேதிதோறும் ஆட்கள் வந்து, தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து மௌனமாக நின்றார்கள். மேலே பார்ப்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்கள்.

"ஏங்க்கா, எல்லாரும் பேசாமலே நிக்கிறாங்க?"

"உனக்காகத்தான்."

"எனக்காகன்னா ஏதாச்சும் பேசச் சொல்லுக்கா."

அவள் போய்ச் சொன்னாள். ஒருவர் பால் விலையைப் பற்றி ஆரம்பித்தார். இன்னொருத்தி தன் முழங்கால் வலியைச் சொன்னாள். இப்போதும் அந்த இடத்தில் அப்படித்தான்: தொப்பியைக் கழற்றிக்கொள்கிறார்கள், கிழங்கு நோயைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் சத்தமாகப் பேசுகிறார்கள், மேலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்லிவிட்டு நடக்கிறார்கள்.