தூசி படாதவள்

ஆலையில் அவள் கணவருக்குத் தும்மல் என்று பெயர். யுரேனியக் கல்லை உடைத்துத் தூளாக்கும் பிரிவில் வேலை. முகமூடியைக் கழற்றிய மறுநொடி வரிசையாகத் தும்முவார். அந்த வருடம் இருமலும் சேர்ந்துகொள்ள, ஆலை மருத்துவமனையில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள், சிறுநீருக்கு ஒரு புட்டி கொடுத்தார்கள். கூடவே அவர் மனைவிக்கும் ஒன்று.

"எனக்கு எதுக்குங்க?"

"அதே தண்ணி குடிச்சு, அதே சாப்பாடு சாப்பிடுற, ஆனா தூசி படாத ஆளு ஒண்ணு வேணுமாம். ஒப்பிட்டுப் பாக்க."

அவள் தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டாள். ஆலையின் வாசலைக்கூட அவள் மிதித்ததில்லை. புட்டியைக் கொடுத்தாள், மறந்தும் போனாள்.

டாக்டரம்மா இருவரையும் வரச்சொன்னார். தும்மலைப் பார்த்து, "உங்களுக்கு இது சாதாரண சளி. யுரேனியமெல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு," என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் அதிகமா இருக்கும்மா."

தும்மல் சிரித்துவிட்டார். "புட்டி மாறிப்போச்சு டாக்டரம்மா."

டாக்டரம்மாவுக்கும் அந்தச் சந்தேகம்தான். இந்த முறை அவளுக்குச் சிவப்பு மூடி, அவருக்கு நீல மூடி என்று நர்ஸ் எதிரிலேயே வாங்கிக்கொண்டார்கள். சிவப்பு மூடியில்தான் அதிகம் இருந்தது. சிறுநீரில் கொஞ்சம் புரதமும் கசிந்தது.

பேருந்தில் திரும்பும்போது தும்மல் அவள் காதருகே குனிந்து, "எனக்குத் தெரியாம ஆலைல வேலைக்குச் சேந்துட்டியா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. தண்ணீராக இருக்குமா? அவரும் அதையேதான் குடிக்கிறார். ஒரே பானைச் சோறு, ஒரே படுக்கை. எந்தப் பக்கம் யோசித்தாலும் சுவரில் போய் முட்டியது.

மறுவாரம் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி ஒரு கருவியோடு வந்தார். இளைஞர். சமையலறையில் அது எப்போதாவது 'டிக்' என்றது. குளியலறையிலும் படுக்கையிலும் அப்படியே. தையல் மெஷின் அருகே கொண்டுபோனதும் சத்தம் அடுத்தடுத்து வந்தது. கீழ்நூல் சுற்றிய பாபினின் மூடியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சும் தூளும் அடைந்திருந்தன. அலமாரியில் மடித்து வைத்திருந்த ஆலை உடுப்புகளை அதிகாரி அப்போதுதான் கவனித்தார்.

"இது எப்படி வெளிய வந்துச்சு?"

தும்மல்தான் சொன்னார். உடுப்பு ஆலையைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஆனால் கிழிந்ததை ஒப்படைத்தால் புதியது வரும்வரை வேலைக்கு விடமாட்டார்கள். அதனால் கூட்டாளிகள் சுருட்டி அவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அவள் தைத்துக் கொடுத்தாள். பெரும்பாலும் ஜிப்தான் சிக்கியிருக்கும்.

"ஜிப்ப எப்படி சரி பண்ணுவீங்க?"

காட்டுவதற்காக ஒன்றை எடுத்து உதறினாள். ஜிப்பை வாயருகே கொண்டுபோய்க் கன்னத்தை உப்பினாள்.

"ஊதாதீங்கக்கா," என்று அதிகாரி குறுக்கே கையை நீட்டினார்.

கன்னத்தில் காற்றோடு அவள் அப்படியே நின்றாள். ஜிப்பின் பல்லிடுக்கில் தூள் அடைந்திருக்கும். ஊதினால் முகத்துக்கு நேரே எழும்பும். அடுத்த ஊதலுக்கு மூச்சை இழுப்பாள். இத்தனை வருடமாக அப்படித்தான்.

"ஆனா உங்க கருவி டிக் டிக்குன்னுதானே சொல்லுச்சு, பெருசா ஒண்ணும் அலறலையே தம்பி?"

"கதிர்வீச்சு கம்மிதான்கா. வெளிய இருந்தா தோலத் தாண்டாது. மூச்சுல உள்ள போனாத்தான் சங்கடம்."

"ஆபத்தா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ரெண்டும்தான்கா."

டாக்டரம்மா இன்னும் பொறுமையாகச் சொன்னார். உள்ளே போன தூசியில் கரைவது ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும், போகிற வழியில் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கரையாதது நுரையீரலிலேயே வருடக்கணக்கில் கிடக்கும். பின்னால் புற்றுநோய் வரலாம், வராமலும் போகலாம்.

"அடுத்த தடவை கம்மியா இருந்தா, எல்லாம் போயிடுச்சுன்னு அர்த்தமா, உள்ளயே தங்கிடுச்சுன்னு அர்த்தமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிட்னிக்கு அது நல்ல சேதி. நுரையீரலப் பத்தி அத வெச்சுச் சொல்ல முடியாதும்மா. வருஷா வருஷம் பாத்துட்டே இருக்கணும்."

மெஷினை பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப்போனார்கள். வேறொன்று வந்தது. பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றார்கள். தும்மல் தினமும் வேலை முடிந்து வந்து முட்டி போட்டுத் துடைத்தார். "நான்தானே கொண்டாந்து கொட்டுனேன்," என்பார். அவளுக்கு அவர்மேல் கோபம் வரும், பாதியில் நின்றுவிடும். 'ஜிப்புதானே, கொண்டாங்க' என்று சொன்னது அவள்தான். ஆலைமேல் கோபப்படலாம் என்றால், ஆலை உடுப்பை வெளியே விடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தது. அதே ஆலைதான் மாற்று உடுப்பும் தராமல் இருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஒரு நாள் புது மெஷினைத் திட்டினாள்.

அடுத்த பரிசோதனையில் அளவு குறைந்திருந்தது. புரதமும் கசியவில்லை. தும்மல் தெருமுழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கம்பக்கத்தார் சந்தோஷப்பட்டார்கள். அவளும் தலையாட்டினாள். என்ன முகம் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மகள் கைக்குழந்தையோடு வருவதாக போன் செய்தாள். போன் வந்ததும் அவள் நேராக டாக்டரம்மாவிடம் போனாள். "பேத்தியத் தூக்கலாமா?"

"தாராளமா. உங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. வீடும் சுத்தமாயிடுச்சு."

மகள் வந்ததும் குழந்தையைத் தாயின் மடியில் வைத்தாள். தலை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மூச்சை அடக்கினாள். முடியாமல் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பி மூச்சை வெளியே விட்டாள். மறுபடி அடக்கினாள்.

"ஏம்மா மூஞ்ச அந்தப் பக்கம் திருப்புற?"

"டாக்டரம்மா ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாங்க," என்றாள்.

"அப்புறம் என்ன?"

"தெரியலடி."

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாயின் தாடையைப் பிடித்துக் குழந்தையின் பக்கம் திருப்பினாள். குழந்தை அவளை உற்றுப் பார்த்தது. அவள் மெதுவாக, மிக மெதுவாக மூச்சு விட்டாள்.