ஹப்ஸாவின் ஒரேயொரு கேள்வி

“பிள்ளையத் தொடவும் மாட்டன், கிட்டப் போகவும் மாட்டன். ஒரேயொரு கேள்வி கேட்பன். பிள்ளைட வருத்தம் தானா எழும்பி நிண்டு தன்ட நோய்ப் பேரச் சொல்லும்!”

டொக்டர் ஹப்ஸா இப்படி அறிவித்தபோது அந்தச் சிறுவர் வாட்டில் சிரிக்காதவர்கள் தொட்டிலில் உறங்கிக் கிடந்த இருவர்தான். அவளோடு குழந்தை மருத்துவம் பயிலும் நிதுர்ஷனுக்குச் சிரித்துச் சிரித்து விலாவே விட்டுப்போயிற்று.

“அப்ப நாங்க என்னத்துக்குகா இவ்வளவு காலம் படிச்ச? உங்கள வாசல்ல இருத்திப்போட்டு எல்லாரும் வீட்ட போகலாமே!”

பயிற்சியில் ஒரு முறை உண்டு. ஒருவர் நோயாளியைப் பார்க்க, மற்றவர் புள்ளித்தாளோடு ஓரத்தில் நிற்பார். நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். அன்று பார்ப்பது நிதுர்ஷன், நிற்பது ஹப்ஸா.

வெளியே கச்சான் காற்று. வாவியையே தூக்கி அக்கரையில் உலர்த்திவிட்டு, மிஞ்சிய புழுதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் பாதிப்பேர் இருமிக்கொண்டு வந்தார்கள். மீதிப்பேர் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஓட்டமாவடி றபீக்கா தன் இரண்டு வயது மகள் அஸ்மியாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளையின் மூச்சில் விசில் சத்தம்.

“எப்ப தொடங்கின?” என்றான் நிதுர்ஷன்.

“காலையில நல்லாத்தான் இருந்தவ டொக்டர். கச்சானோட ஓடித் திரிஞ்சவ. மறுகா திடீரெண்டு இருமல்.”

நிதுர்ஷன் பெரியகல்லாற்றில் பிறந்தவன். கச்சான் காற்று எத்தனை நெஞ்சை இழுக்க வைக்கும் என்பது அவனுக்குத் தெரியாததா? ஆவி மருந்து வைத்தான். விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஒட்சிசன் தொண்ணூற்றிரண்டு என்று காட்டியது. இன்னொரு தரம் வைத்தான். எண்பத்தொன்பது. ஒட்சிசனைக் கூட்டினான். எண்பத்தேழு. பிள்ளையின் உதடு கறுத்து வந்தது. இறங்க வேண்டிய இழுப்பு ஏன் ஏறுகிறது?

“திரும்பவும் மருந்து வைங்க,” என்றான் தாதியிடம்.

“நில்லுங்க. என்ட கேள்வி இருக்கு,” என்றாள் ஹப்ஸா ஓரத்திலிருந்து.

“இப்பயா?”

அவள் தாயைப் பார்த்தாள். “ராத்தா, கச்சான் வறுத்ததா, அவிச்சதா?”

நிதுர்ஷன் வாயைப் பிளந்தான். காற்றை எவன் வறுப்பான்?

“வறுத்தது, டொக்டர். சந்தியில ஒரு பைக்கட் வாங்கிக் குடுத்தன்.”

இந்த மண்ணில் காற்றுக்கும் கச்சான், கடலைக்கும் கச்சான்! நிதுர்ஷன் காதில் மாட்டிய குழலைப் பிள்ளையின் நெஞ்சில் மாறி மாறி வைத்தான். இடப்பக்கம் காற்று போய் வந்தது. வலப்பக்கம் ஊமை.

“கடலை மூச்சுக்குழாயில! ஒப்பரேசன் தியேட்டருக்குச் சொல்லுங்க!”

“ஆரும் முதுகில தட்டாதீங்க. தாய்ட மடியிலேயே இருக்கட்டும், அழ விடாதீங்க,” என்றபடி ஹப்ஸா தொலைபேசிக்குப் பாய்ந்தாள்.

எண்பத்துநான்கில் தியேட்டர் கதவு மூடியது. இருபது நிமிடம் என்றது சுவர்க் கடிகாரம்; இருபது வருடம் என்று நிதுர்ஷன் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான். பிறகு சத்திரசிகிச்சை நிபுணர் தட்டை நீட்டினார். அதில் பாதிக் கடலை. சற்று நேரத்தில் உள்ளே எழுந்த அழுகை மாங்கேணிக் கடற்கரைவரை கேட்டிருக்கும்.

மறுநாள் வாட்டுக் கூட்டத்தில் குழந்தை மருத்துவ நிபுணர் மங்கையற்கரசி புள்ளித்தாளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“‘கிட்டப் போகாமல், ஒரே கேள்வியில் நோய் கண்டுபிடிக்கப்பட்டது’ எண்டு கிடக்கு. ஆர் எழுதின இந்தப் புளுக?”

எல்லாத் தலையும் ஹப்ஸாவின் பக்கம் திரும்பியது. நிதுர்ஷன் எழுந்தான்.

“புளுகில்ல மேடம். பிள்ளைக்குக் கிட்ட நிண்டும் பிழை விட்டது நான்தான். அவ சொன்ன மாதிரியே நடந்தது.”