பெயர் வீணாகாமல்

கிளடிஸ் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஏழு மாதப் பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், பெயர் அபிகேல். அவர்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒரு அபிகேல் இருந்தே ஆகவேண்டுமாம். மகன் யூட்சன் கொஞ்ச நாள் முரண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னவோ செய்யுங்கோ" என்று கையை விரித்துவிட்டான். பிள்ளையை இப்போதே எல்லோரும் அபிகேல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விருந்துக்கு வருகிறவர்கள் பார்க்கவென்று குடும்ப மரமொன்றை வரைந்து, புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மில்லிக்கன் ஊர் வீட்டு ஹோல் சுவரில் ஒட்டியுமாயிற்று. அதோடு விட்டாரா? யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் பள்ளியில் வளர்ந்த தங்கள் முதல் அபிகேலைப் பற்றி ஏதும் கிடைக்குமா என்று அந்த மிஷன் காப்பகத்துக்கும் எழுதிப்போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மின்னஞ்சலில் பதில் வந்தது. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களிடம் ஊழியம் செய்த பாதிரியார் ஒருவர் பொஸ்டன் சீமாட்டிக்கு எழுதிய பழைய கடிதம். அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிப் பிள்ளையின் செலவை ஏற்பவர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம்.

மருமகள் துர்க்கா குழந்தையைத் தோளில் போட்டபடி பக்கத்தில் நின்றாள். கிளடிஸ் அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"உங்கள் பெயரை நாங்கள் இட்ட செரோக்கிச் சிறுமி அபிகேல் காய்ச்சலில் இறந்துபோனாள். பெயர் வீணாகாமல், யாழ்ப்பாணத்தில் நம் சகோதரர்களிடம் வந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமிக்கு அதைக் கொடுத்திருக்கிறோம்."

கிளடிஸுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

"அந்தச் செரோக்கிப் பிள்ளைக்குத் தாய் வைச்ச பேர் என்ன, மாமி?"

"எழுதேல்லை."

"எங்கட ஆளுக்கு?"

"அதுவும் இல்லை."

"அவை ஏன் எழுதப்போகினம்," என்றாள் துர்க்கா. குரலில் சூடே இல்லை. சுவரைக் காட்டினாள். "என்ர பேரும் உதிலை இல்லைத்தானே."

யூட்சனுக்குப் பக்கத்தில் கிளடிஸின் கையெழுத்தில் 'டொர்க்கஸ்' என்றிருந்தது. கலியாணத்துக்கு முன் துர்க்காவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பித்தபோது கிளடிஸ் தேர்ந்த பெயர். வீட்டில் ஒருவரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுதுகிற இடமெல்லாம் மட்டும் எழுதியாயிற்று. அட கடவுளே, சீமாட்டியைத் தேடி பொஸ்டனுக்குப் போவானேன், மில்லிக்கனிலேயே ஒருத்தி இருந்திருக்கிறாளே!

கிளடிஸ் மின்னஞ்சலை மூடிவைத்தார்.

"பிள்ளைக்கு நீர் என்ன பேர் யோசிச்சனீர்?" என்று கேட்டார்.

துர்க்கா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு நினைச்சு வைச்சிருந்தனான், மாமி. ஏழு மாசமா ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, இவள் திரும்பிப் பாக்கிறாளில்லை."