சந்தூக்கும் கூட்ஸ் வண்டியும்

மையித்தைத் தூக்கிப் போகிறவனுக்குக்கூட இப்போதெல்லாம் ரயிலைப் பிடிக்கிற அவசரம். முன்பு தோளில் சடலம் கிடத்திய சந்தூக்கு ஏறியதும் வாய் கலிமாவைத் தவிர வேறொன்றும் பேசாது. இப்போது சுமந்துகொண்டே ஒருவன் பரமக்குடியில் ஓடுகிற சினிமாவைப் பற்றிக் கிசுகிசுக்கிறான். தன் அக்கா ரம்ஜான் பீவியின் சந்தூக்குக்குப் பின்னால் நடந்த பாக்கருக்கு, அவன் பிடரியில் ஒன்று வைத்தால் என்ன என்றிருந்தது.

லைன் தெருவில் வீடுகள் வடக்கே. பள்ளிவாசலும் அடக்கம் பண்ணுகிற மையவாடியும் கடலும் தெற்கே. நடுவே மேட்டின்மேல் தண்டவாளம். தெருவே அதை நம்பித்தான் பிழைத்தது. மீன் பெட்டி அதில் போனது, மதுரைக் காய்கறியும் மாப்பிள்ளைமாரும் அதில் வந்தார்கள். பாக்கர் மட்டும் அதை நம்பியதில்லை. முன்பெல்லாம் மேட்டில் ஏறித் தாண்டிவிடுவார்கள். போன வருஷம் ரயில்வேக்காரர்கள் கம்பிவேலி போட்டு, அடியில் கிடந்த ஓடைப்பாலத்தைச் சுத்தம் பண்ணி, இனி இதுதான் பாதை என்றுவிட்டார்கள். மேலே மூடாத பாலம், வெறும் கட்டைகள். வண்டியில் கக்கூஸ் உண்டு, கக்கூஸுக்கு அடியில் ஓட்டை உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பாக்கரின் தொப்பியில் விழுந்த சொட்டு என்னவென்று இன்றுவரை தெளியவில்லை. திரும்பிப் போய்க் குளித்ததில் ஜும்மா தவறியதுதான் மிச்சம்.

பாலத்தின் வாயில் கையை நீட்டி மறித்தார்.

"நில்லுங்கடா. மெயிலு போகட்டும்."

"அது அப்பவே போயிருச்சு மாமா," என்றான் ரம்ஜான் பீவியின் மகன் சதக்.

"நீ பாத்தியா?"

வேலியோரம் சுத்தியலோடு நின்ற கேங்மேன் பூமிநாதன், "போயிருச்சு பாய். இனி பொழுது சாயத்தான் வண்டி," என்றார்.

"ஒங்க வண்டி என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்துச்சு?"

வெயில் ஏறியது. சுமந்தவர்கள் தோள் மாற்றினார்கள். பாக்கரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேட்டைப் பார்ப்பதும் சந்தூக்கைத் தொடுவதுமாக இருந்தார். அக்கா, குடத்தை மறுபடி மறுபடி கழுவாமல் தண்ணீர் மொள்ளாதவள். குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, அத்தர் பூசிச் சுத்தமாகக் கிளம்பியிருக்கிறாள். இந்த இருட்டைக் கடந்துவிட்டால் அப்படியே மண்ணில் சேர்த்துவிடலாம்.

"உம்மா தெனமும் இதுலதான மாமா போனாக," சதக் மெதுவாகச் சொன்னான். "முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு."

"ராத்தா அன்னைக்கித் தானா நடந்து போச்சு. இன்னைக்கி நாமல்ல தூக்கிட்டுப் போறோம்."

"தோளு விட்டுப்போச்சு காக்கா," என்றான் சினிமாக்காரன்.

வேறு வழியில்லை. தலையசைத்தார். சந்தூக்கை இடுப்பளவுக்கு இறக்கிக் குனிந்து நுழைந்தார்கள். பாதி தூரத்தில் சுவர் நடுங்கியது. அவர்கள் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்க, பாக்கர் முண்டிப் போய் இரண்டு கைகளையும் விரித்துச் சந்தூக்கின்மேல் கவிழ்ந்துகொண்டார். மேலே இரும்பு தடதடத்தது. முதுகில் சில்லென்று விழுந்து சட்டைக்குள் வழிந்தது. சந்தூக்கை மூடிய பச்சைப் போர்வையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

தென்புறம் வெளிச்சத்துக்கு வந்ததும் சதக் அவர் முதுகைப் பார்த்தான். "கூட்ஸு மாமா. மீன் பெட்டி ஐஸ் தண்ணி. மோந்து பாருங்க."

பின்னாலேயே ஓடிவந்த பூமிநாதன், "கூட்ஸுல ஏது பாய் கக்கூஸு?" என்றார்.

"ஏன், கார்டுக்கு வராதா?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"பள்ளியில தண்ணி கெடக்கு. மேல ஊத்திக்கிட்டுத் தொழுகையில நில்லுங்க மாமா. கூடப்பொறந்தவுகன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீக."

"இந்த உடுப்போட ராத்தா முன்னால நிக்கச் சொல்றியா?"

"அப்ப நாங்க காத்து நிக்கிறோம். வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

பாக்கர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். உடனே கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டார்.

"வேணாம். வெயில்ல போட்டு வைக்காத ராத்தாவ. கொண்டு போங்க."

அவர் குளித்து வருவதற்குள் மண் தள்ளி முடிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், சதக்குக்கும் தெரியும். சந்தூக்கு தோளேறிக் கடற்பக்கம் நகர்ந்தது; கலிமாச் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. பாக்கர் பாலத்துக்குள் திரும்பினார். கட்டைகளுக்கிடையே வானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தபடியே, சட்டை முதுகில் ஒட்டாமல் விரல்நுனியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.