லேமினேஷன் போட்ட எருமை

“தண்ணி படாது, கரையான் அரிக்காது. இன்னும் நூறு வருசம் கெடக்கும். இன்னா மேடம், எப்டி இருக்குது?”

ஆரோக்கியராஜ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயது ஆளின் முகத்தில், பரிசு வாங்கி வந்த பிள்ளையின் சிரிப்பு. மேசைமேல் பதினான்கு பிளாஸ்டிக் அட்டைகள் கிடந்தன. அப்போதுதான் லேமினேஷன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்தார். மேலே இருந்ததை எடுத்தேன். சூடு முழுதாக ஆறவில்லை. மெழுகும் பிளாஸ்டிக்கும் தீய்ந்த வாடை அடித்தது.

அவருடைய அம்மா அமலோற்பவமேரி டீச்சர் நாற்பது வருடத்துக்கு முன்பு வரைந்த படங்கள் அவை. ‘குண்டு எருமையின் குளியல்’ புத்தகத்தைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் இரண்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்த எருமையின் முதுகில் ஏறித்தான் நான் முதன்முதலில் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் போனேன். அச்சுக்கான ஃபிலிம் பாழாகிவிட்டது. மூலப் படங்களை ஸ்கேன் செய்தால்தான் மறுபதிப்பு. அதற்காகத்தான் பதிப்பகம் என்னை ஸ்கேனரோடு விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அனுப்பியிருந்தது.

டீச்சர் தூரிகை தொட்டதில்லை. தாள் முழுக்கக் கிரேயானில் நிறம் தேய்த்து, அதன்மேல் கறுப்புக் கிரேயானைக் கனமாகப் பூசி, ஊக்கு முனையால் சுரண்டுவார். சுரண்டிய இடத்தில் அடியிலிருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும். மெஷினின் சூட்டில் அத்தனையும் உருகிக் கலந்துவிட்டிருந்தது. ஏரி இல்லை, தவளை இல்லை, கொக்கு இல்லை. பேதியானதுபோல ஒரு பழுப்புக் குழம்பு. அதற்குள் ஓர் ஈ, இறக்கை விரிந்து நசுங்கிக் கிடந்தது. எருமையின் கண் வழிந்து தாடைக்கு வந்திருந்தது.

“ஓரமெல்லாம் எங்கங்க?”

“மெசின்ல நொழையல மேடம். சர்ட்டிபிகேட் சைசுதான் போகுமாம். கத்திரிச்சிட்டான். ஓரத்துல சும்மா பென்சில்ல ஏதோ கிறுக்கினு இருந்துது, அவ்ளோதான்.”

அந்தக் கிறுக்கல்தான் இந்த எருமைக் கதையை டீச்சர் முதன்முதலில் எழுதிய வடிவம்.

“ரேஷன் கார்டு, ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டு, அப்பாவோட டெத் சர்ட்டிபிகேட்டு, எல்லாத்துக்கும் போட்டாச்சி. இது மட்டுந்தான் பாக்கி. நீங்க வேற போன்ல பத்தரமா வைங்க, பத்தரமா வைங்கன்னீங்களா? காலைலயே ஓடிப்போய் ஜல்தியா முடிச்சிக்கினு வந்தேன்.”

ஆமாம், சொன்னேன். மூன்று முறை சொன்னேன். அவர்மேல் பொங்கிய அருவருப்பு அப்படியே என்மேல் திரும்பியது.

“ஸ்கேன் வந்துரும்ல மேடம்?”

“எத ஸ்கேன் பண்றது? இந்த ஈயையா?”

அவர் அட்டையை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அப்போதுதான் அதைப் படமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு உதட்டிலேயே நின்றுபோனது. அட்டையின் விளிம்பில் பிதுங்கியிருந்த மெழுகு விரலில் பிசுபிசுக்க, லுங்கியில் தேய்த்தார். போகவில்லை. மறுபடி தேய்த்தார்.

“ராஜு, யாரு? புஸ்தகக்காரப் பொண்ணா வந்துக்குது?”

டீச்சர் சுவரைத் தடவியபடி உள்ளறையிலிருந்து வந்தார். சர்க்கரை நோயில் பார்வை போய் ஐந்து வருடமாகிறது. மகன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பதினான்கு அட்டைகளையும் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வா கண்ணு, ஒக்காரு. பஸ்ல கூட்டமா? இவன் காப்பி குடுத்தானா, இல்ல சும்மா பேசிக்கினே இருந்தானா?” நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். “கண்ணுதான் போச்சி. வெரலு நல்லாத்தான் இருக்குது. நான் சொரண்டின கோடு ஒவ்வொண்ணும் வெரலுக்குத் தெரியும். தெனமும் ஒரு படம் எடுத்துத் தடவிக்கினு இருப்பேன். இன்னிக்குக் காலைலேர்ந்து பெட்டியவே காணம், எங்க வெச்சித் தொலைச்சானோ. நீ எடுத்துக்கினு போறதுக்கு முன்ன, அந்த மொதப் படத்தக் கொஞ்சம் என் மடியில வையேம்மா.”