ஜெயபாய் முன்னால் நிற்காத பூட்டுகள்

சர்ச் சபைத் தேர்தல் அடிதடியில் முடிந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ஜெயபாய் முன்னால் போய் நின்றால் எந்தப் பூட்டும் திறந்துகொண்டது. இரணியலுக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் அவ்வாண்டு மழை சற்றுக் குறைவு, தேங்காய் விலை பரவாயில்லை.

செயலர் பதவிக்கு நின்றவன் அவளுடைய ஒரே மகன் எட்சன். ஓட்டுப்பெட்டி திறக்கும் முன்பே எதிரணி யோவானின் மண்டையை நாற்காலியால் உடைத்துவிட்டான். ஜெயபாய் எல்லார் முன்னிலையிலும் எழுந்து, "ஒன்னயே ஒனக்கு ஆளத் தெரியல்ல. நீ சபைய ஆளணும்னு நான் எப்படி மக்கா ஓட்டு போடுவேன்?" என்று கேட்டாள். யோவானுக்கும் போடவில்லை; அவன் ஆட்களும் கம்போடுதான் வந்திருந்தார்கள். அன்றோடு மகன் பேச்சை நிறுத்தினான். இரண்டு அணியும் வழக்குப் போட, அதிகாரிகள் வந்து சர்ச் கதவைப் பூட்டி சீல் வைத்தார்கள்.

ஜெபம் பண்ண யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று ஜெயபாய் அந்த ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பாட்டுப்புத்தகத்தோடு போனாள். பூட்டு தானாகக் கழன்றது. அத்தனை பெஞ்சுக்கும் ஒருத்தியாக உட்கார்ந்து பாடிவிட்டு, நேராகக் காவல் நிலையம் போய் நடந்ததைச் சொன்னாள். ஆய்வாளர் சகாயசெல்வி அவளை லாக்கப்பில் வைத்து மூன்று பூட்டு மாற்றிப் பார்த்தும் கதவு பூட்டி நிற்கவில்லை.

"வீட்டுக்குப் போங்கம்மா. இத நான் என்னன்னு எழுத?"

"தொறந்து கெடந்தா போயிரணுமா மக்கா? சட்டத்த மீறுனேன்லா, தண்டனைய அனுபவிக்காண்டாமா?"

சாயங்காலம்வரை இருந்தாள். மகன் எட்டிப் பார்ப்பான் என்று நினைத்தாள். பாவம், வரவில்லை.

ஆறு வருடம் இப்படியே போனது. ஞாயிறுதோறும் கதவு திறந்து கிடந்தும் ஒரு ஆள் உள்ளே வரவில்லை. ஊருக்குத் தீர்ப்பு வர வேண்டுமாம், திறந்த கதவு போதாதாம். சாவி தொலைந்தால் மட்டும் அவளைத் தேடுவார்கள். பீரோ திறந்ததும் ஒரு சாயா கொடுத்து அனுப்பிவிடுவார்கள். யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவளுக்கு அது வலித்தது.

பேத்தி ஜினிஷாவின் முதல் பிறந்தநாளுக்கு முந்திரிக்கொத்து செய்து எடுத்துக்கொண்டு எட்சன் வீட்டுக்குப் போனாள். அவள் வருவதைக் கண்டதும் அவன் கேட்டைப் பூட்டி உள்ளே போய்விட்டான். உள்ளே பிறந்தநாள் பாட்டு. பூட்டு கழன்று அவள் காலடியில் விழுந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், பிள்ளையை மடியில் வாங்கிவிடலாம். எந்தப் பூட்டும் தடுக்காத அந்தப் பெண், மகன் கூப்பிடாததால் வெளியிலேயே நின்றாள். பாட்டு முடிந்தது. பூட்டை எடுத்துக் கொண்டியில் மாட்டி, முந்திரிக்கொத்துப் பையைக் கேட்டில் தொங்கவிட்டுவிட்டு நடந்தாள். பத்தடி போனதும் பூட்டு தானே பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.